ரோமிங் போடாத மனிதர்

“எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, ரோமிங்குன்னு ஒரு பைசா நான் கட்டமாட்டேன். கட்டினேன்னு தெரிஞ்சா, என் கடையை மச்சான் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு, அவர் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து கண்ணாடி துடைக்கறேன்.”

மூக்குக்கண்ணாடி வியாபாரிகள் சங்கத்தின் பொதுக்குழுவில், நாற்பத்து மூன்று உறுப்பினர்கள் முன்னிலையில், கீச்சென்று கத்தும் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இந்தச் சபதத்தைச் செய்தவர்தான் நம் கதாநாயகர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் ஆறு வருடமாகத் தன் கைபேசியை அவர் ‘சுதந்திரப் போன்’ என்றே குறிப்பிட்டு வந்ததால், தொழில் வட்டாரத்தில் அவரையே சுதந்திரம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

சங்கத்தார் நான்கு நாள் பயணமாக வெளிநாட்டில் நடக்கும் மூக்குக்கண்ணாடிக் கண்காட்சிக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே போன் பேசுவதற்கு என்ன வழி என்று ஓர் உறுப்பினர் அப்பாவியாகக் கேட்டார். துணைத்தலைவர் எழுந்து, “பேசாம எல்லாரும் அவங்கவங்க நம்பர்லயே ரோமிங் போட்டுக்குங்க. செலவு கொஞ்சம் கூட ஆகும், தலைவலி இருக்காது” என்றார். துணைத்தலைவர் வேறு யாருமல்ல, சுதந்திரத்தின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மச்சான் வெயில் அடிக்கிறது என்று சொன்னால் சுதந்திரம் குடையை விரிப்பார். மைக்கை அவர் பிடுங்கியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

சபதம் முடிந்து கைத்தட்டல் ஓய்ந்ததும் மச்சான் செயலாளரிடம் அமைதியாகச் சொன்னார். “மாப்ளே சொன்னதை அப்படியே தீர்மானப் புத்தகத்துல ஏத்திடுங்க. ஸ்டூலையும் விட்டுடாதீங்க.”

ஏற்றினார்கள். சங்கக் கட்டடத்துக்கு மின்விசிறி வாங்குவது ஆறாம் தீர்மானம். காலமான உறுப்பினருக்கு இரங்கல் எட்டாம் தீர்மானம். இரண்டுக்கும் நடுவில் சுதந்திரத்தின் சபதம் ஏழாம் தீர்மானமாக நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பகை எங்கே தொடங்கியது என்று ஆராய்ந்தால் அது ஒரு மேசை விசிறியில் போய் முடியும். பதினெட்டு வயதில் சுதந்திரம் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தது மச்சானின் அப்பா நடத்திய கடையில். பின்கட்டில் காற்று வராத ஓர் அறை. சுற்றுகிற கல்லின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். லென்ஸை விளிம்பு விளிம்பாகத் தேய்க்கத் தேய்க்க, சாம்பல் நிறக் குழம்பு நகக்கண்ணில் ஏறிவிடும். முன்பக்கம், கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே, முதலாளியின் மகன் மேசை விசிறியைத் தன் பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விசிறிக்குத் தலையை ஆட்டுகிற வசதி இருந்தது. அதை அவர் நிறுத்தி வைத்திருந்தார். இதைச் சுதந்திரம் முப்பது வருடமாக மறக்கவில்லை.

முதலாளிக்குத் தொழில் தெரிந்த ஆள் ஒருவர் நிரந்தரமாகத் தேவைப்பட்டார். சம்பளம் உயர்த்திக் கேட்காத ஆளாக ஒருவரை ஆக்குவதற்கு மகளைக் கட்டிக் கொடுப்பதைவிடச் சட்டபூர்வமான வழி எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. சுதந்திரம் அப்படித்தான் மாப்பிள்ளை ஆனார். மாமனார் காலமானதும் மச்சான் பங்கு பிரித்தார். கடை, கடையின் பெயர், வாடிக்கையாளர் பட்டியல், அந்த விசிறி எல்லாம் ஒரு பங்கு. தேய்க்கிற மெஷின் இன்னொரு பங்கு. “தொழில் உங்க கையில இருக்கு மாப்ளே, வேற என்ன வேணும் உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, மெஷினைத் தூக்க ஆள் கூட்டி வரப் போய்விட்டார்.

சுதந்திரம் மெஷினை ரொம்ப தூரம் கொண்டுபோகவில்லை. தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் இறக்கினார். அன்றிலிருந்து இரண்டு கடைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மச்சான் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்று பலகை மாட்டினார். மறுவாரமே சுதந்திரம், ‘எதிரில் உள்ள கடை எங்கள் கிளை அல்ல’ என்று மாட்டினார். நடுத்தெருவில் நிற்கும் வாடிக்கையாளர், கண் மங்கலாக இருந்ததால்தான் வந்தேன், இப்போது மூளையும் மங்குகிறதே என்று நினைத்தால் அது அவர் தவறல்ல.

கைபேசி விஷயத்துக்கு வருவோம். கடை வைத்து ஓரளவு நிமிர்ந்த காலத்தில் சுதந்திரம் தவணை முறையில் ஒரு நல்ல போன் வாங்கினார். மலிவாகப் பேசலாமே என்று வேறொரு கம்பெனி சிம்மை அதில் போட்டால், போன் ஏற்க மறுத்தது. விற்ற கம்பெனியின் சிம் மட்டும்தான் அதில் ஓடுமாம். பூட்டித்தான் விற்றிருக்கிறார்கள். திறந்துவிடச் சொல்லி ஏழு முறை அந்தக் கம்பெனிக் கடைக்கு நடந்தார். தவணை முழுக்க முடியட்டும், மனு எழுதிக் கொடுங்கள், மேலிடத்திலிருந்து பதில் வரட்டும் என்று ஏழு முறையும் ஏழு இருக்கை மாற்றி உட்கார வைத்தார்கள்.

“காசு நான் கட்டறேன், உத்தரவு இன்னொருத்தன் போடறானா? இதுக்கு நான் மாமனார் வீட்டுலயே இருந்திருப்பேனே” என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அந்த வீட்டில் பிறந்தவர் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அன்று அவருக்குச் சாப்பாடு தட்டில் விழுந்த சத்தம் எதிர்க்கடை வரை கேட்டது.

ஏழாவது நடைக்குப் பிறகு அந்தப் போனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, முழுப் பணத்தையும் ஒரே மூச்சில் கட்டி, எந்தக் கம்பெனிக்கும் பூட்டாத போன் ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து அவர் கடையில் கண் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எல்லோரும் போன் பரிசோதனையும் செய்துகொண்டார்கள். லென்ஸ் மாற்றிப் போட்டுப் பார்க்கும் கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் ஏற்றிய பிறகு யாரும் எழுந்து ஓட முடியாது என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

“கடைசி வரியைப் படிங்க.”

“சரியாத் தெரியலைங்க.”

“இப்ப?”

“இப்பவும் கொஞ்சம்…”

“உங்க போன் தவணையில வாங்கினதா?”

“ஆமாங்க.”

“அதான். கம்பெனிக்காரன் உங்களை எங்க நிறுத்தி வெச்சிருக்கான்னு உங்களுக்கே தெரியலை. வெளிநாட்டுக்குப் போனீங்கன்னா உங்களை உரிச்சுடுவான். இந்தப் போனைப் பாருங்க. எந்த ஊர்ல இறங்கறமோ அந்த ஊர் சிம்மை வாங்கிப் போட்டா, அந்த ஊர்க்காரன் என்ன விலைக்குப் பேசறானோ அதே விலைக்குப் பேசலாம். இப்பத் தெரியுதா?”

“லென்ஸைப் போடுங்க, சொல்றேன்.”

அப்போது அவர் வெளிநாட்டு விமானத்தின் நிழலில்கூட நின்றதில்லை என்பதை இங்கே குறிப்பிடுவது நாகரிகமாகாது.

ஒருவழியாகப் பத்தொன்பது கண்ணாடிக்காரர்கள் விமானம் ஏறினார்கள். மச்சான் தன் கண்ணாடிக் கூட்டின்மேலேயே உட்கார்ந்து அதன் கீலை உடைத்ததைத் தவிர வழியில் அசம்பாவிதம் எதுவுமில்லை. இறங்கியதும் பதினெட்டு பேருடைய போன்களும் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்து, நல்வரவு சொல்லின. பதினெட்டு பேரும் வீட்டுக்குப் பேசிவிட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பத்தொன்பதாமவர் விமான நிலையத்து சிம் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

ஐம்பது நிமிடம் கழித்து வெற்றியோடு வந்தார். நான்கு நாளைக்கான சிம் ஒன்று, அதோடு சலுகையாக இலவச சிம் இன்னொன்று. இலவச சிம்மால் என்ன பயன் என்று கடைக்காரப் பெண் விளக்கியது அவருக்குப் புரியவில்லை. ஆனால் இலவசம் என்ற சைகை புரிந்தது. அவருடைய போனில் சிம் போட இரண்டு இடம் உண்டு. இரண்டிலும் இரண்டையும் போட்டார். இருபது வருடமாக மாறாத அவருடைய சொந்த எண்ணின் சிம் வெளியே வந்து உள்ளங்கையில் கிடந்தது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக.

“அதுவும் உள்ளயே இருந்தா என்ன மாப்ளே, சும்மாதானே இருக்கப்போகுது?” என்றார் மச்சான், பேருந்தின் முன் இருக்கையிலிருந்து.

“ஒரு இடத்துல இலவசமாக் கிடைக்கும்போது அதைக் காலியா விடறதுக்கு நான் என்ன பரம்பரைப் பணக்காரனா?”

பரம்பரை என்ற சொல் எங்கே போய்க் குத்தவேண்டுமோ அங்கே குத்தியது. மச்சான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்காட்சியில் கொடுப்பதற்காகச் சுதந்திரம் தன் கடைப் பெயர் அச்சடித்த பச்சை நிறக் கண்ணாடிக் கூடுகள் இரண்டு டஜன் கொண்டுவந்திருந்தார். பணப்பையில் வைத்தால் சிம் நழுவிவிடும், சட்டைப்பையில் வைத்தால் துவைக்கப் போய்விடும். கண்ணாடிக்காரனுக்குக் கண்ணாடிக் கூட்டைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது? ஒரு கூட்டைத் திறந்து, துணிக்கு அடியில் சிம்மை வைத்தார். கலந்துவிடாமல் இருக்க, அதிலிருந்த மஞ்சள் துணியை எடுத்துவிட்டு நீலத் துணியைப் போட்டார். பிறகு தன் சாமர்த்தியத்தைத் தானே இரண்டு நிமிடம் ரசித்தார்.

விடுதியில் சொந்தக்காரர்கள் ஒன்றாக இருக்கட்டும் என்று சங்கச் செயலாளர் நல்லெண்ணத்தோடு ஒரே அறை ஒதுக்கியிருந்தார். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஸ்டூல், போன் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக் பாயின்ட். மச்சான் முதலில் உள்ளே போனதால் பிளக் பாயின்ட் அவர் பக்கமானது. குளிர்சாதனத்தை அவர் இருபதில் வைத்தார். அவர் குளிக்கப் போனதும் சுதந்திரம் இருபத்தெட்டில் வைத்தார். வெளியே வந்தவர் பதினெட்டுக்கு இறக்கினார். இருவரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் மரியாதையாகப் பேசவேண்டும், அதற்கு இருவருக்கும் தெம்பில்லை.

மச்சான் ரோமிங்கைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி ஊரிலுள்ள தன் கடையைக் காணொளியில் மேற்பார்வை பார்த்தார். கல்லாவில் இருந்த ஆளிடம், “போனை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பு” என்றார். பிறகு திரும்பிப் பார்த்து, “மாப்ளே, உங்க கடை பூட்டியிருக்கு. வாசல்ல ஒரு நாய் படுத்திருக்கு. அதுக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையான்னு தெரியலை” என்றார்.

“பரவாயில்ல. உங்க கடைக்கு வர்றதுக்குப் பதிலா எங்க கடை வாசல்ல படுக்குதே, அதுக்குப் பார்வை சரியாத்தான் இருக்கு.”

மறுநாள் காலை கண்காட்சி அரங்கில், வளையாத ஃப்ரேம் ஒன்றை வளைத்துக் காட்டச் சொல்லிச் சுதந்திரம் வாதாடிக்கொண்டிருந்தபோது மகள் அழைத்தாள். வாட்ஸ்அப் வழியாக. உள்ளூர் சிம்மின் இணையம் பளிங்கு மாதிரி வேலை செய்தது. அந்தப் பெருமையோடுதான் எடுத்தார்.

“எவ்வளவு தெளிவாக் கேக்குது பாத்தியா? உங்க மாமாவுக்கு ரோமிங்ல இந்த மாதிரி…”

“அப்பா, சீட்டு வந்துடுச்சு.”

அவள் ஒரு வருடமாகக் காத்திருந்த சீட்டு. கண் பரிசோதனைப் படிப்பு, அரசுக் கல்லூரி, முதல் விருப்பம். ஊரில் கண்ணாடிக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தப் படிப்பைப் படித்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. மச்சானின் பையன் போன வருடம் இதே சீட்டுக்கு எழுதிக் கிடைக்காமல்தான் இப்போது வேறேதோ படிக்கிறான். சுதந்திரத்துக்கு அரங்கின் விளக்குகள் எல்லாம் தனக்காகவே எரிவதுபோல் தோன்றியது.

“இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஏத்துக்கணும்பா. இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். பட்டனை அமுக்கினா ஓ.டி.பி. வரும். வந்ததும் சொல்லுங்க.”

“எங்க வரும்?”

“உங்க நம்பருக்கு.”

“வரட்டும். போன் கையிலதான் இருக்கு.”

“இது அந்த ஊர் நம்பர்பா. ஊர்ல இருக்கற உங்க நம்பருக்கு.”

“உன் நம்பருக்கு மாத்திக்கோ.”

“மாத்தறதுக்கும் உங்க நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வருமாம். விண்ணப்பம் போடும்போதே என் நம்பரைக் குடுக்கறேன்னு சொன்னேன். என் நம்பர் இருபது வருஷமா மாறாத நம்பர், அதைக் குடுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

ஊரில் மாலை ஐந்து என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. அரங்கின் கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது. “அரை மணி நேரத்துல கூப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு, தோளில் தொங்கிய பையை ஒரு மூலையில் கவிழ்த்தார். பச்சைக் கூடுகள் உருண்டன. ஒவ்வொன்றாகத் திறந்தார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பதின்மூன்று கூடுகளிலும் மஞ்சள்.

வந்து இறங்கிய அன்றே அரங்கைச் சுற்றி வந்தபோது கூடுகளை அவர் கடை கடையாகக் கொடுத்திருந்தார். கொடுத்தது பத்தா பதினொன்றா என்று இப்போது நினைவில்லை. கொடுக்கும் வேகத்தில் துணியின் நிறத்தை யார் பார்த்தார்கள்?

அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தக் கண்காட்சியின் வரலாற்றிலேயே இல்லாத ஒன்று நடந்தது. ஒரு வியாபாரி, தான் நேற்று இலவசமாகக் கொடுத்த பொருளை இன்று திரும்பக் கேட்டார். மொழி தெரியாததால் இரண்டு கையையும் கூடுபோல் சேர்த்துத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார். ஒரு கடையில் அவர் முதலையைப் பற்றிச் சொல்வதாக நினைத்தார்கள். ஒரு கடையில் கடைக்கார அம்மாள் கூட்டுக்குள் தன் தலை ஊசிகளைப் போட்டு வைத்திருந்தார். எல்லாவற்றையும் மேசையில் கொட்டி எண்ணிவிட்டுத்தான் கொடுத்தார். இன்னொரு கடைக்காரர், இந்தக் கூடு தோலுக்கு ஆகாதுபோல, அதனால்தான் கம்பெனியே திரும்ப வாங்குகிறது என்று முடிவு செய்து, பதறிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவருடைய கூடு குப்பைத் தொட்டியில் கிடந்தது. சுதந்திரம் அதையும் குனிந்து எடுத்தார். சங்கத்துக்காரர்கள் இருவர் தூரத்தில் நின்று இதைப் பார்த்தார்கள். இனிமேல் அவரை வேறு பெயரில் கூப்பிடலாமா என்று யோசித்திருக்கவும் கூடும்.

ஏழு கூடு திரும்பி வந்தது. ஏழும் மஞ்சள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். இடையில் மகள் இரண்டு முறை அழைத்தாள். இரண்டு முறையும், “இதோ, இதோ” என்றார். இரண்டாவது முறை அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். அதுதான் அவரை அடித்தது. சத்தம் போட்டிருந்தால் திருப்பிச் சத்தம் போட்டிருப்பார். அதில் அவர் தேர்ந்தவர்.

விடுதி பக்கத்துத் தெருதான். கட்டிலுக்கு அடியில் விழுந்திருக்கலாம் என்று ஓடினார்.

அறையில் மச்சான் கால் வலி என்று படுத்திருந்தார். முதுகுக்கு இரண்டு தலையணை. இரண்டாவது, சுதந்திரத்தின் தலையணை. வயிற்றின்மேல் ஒரு பச்சைக் கூடு திறந்து கிடந்தது. அவர் நீலத் துணியால் தன் கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். விமானத்தில் தன் கூடு உடைந்துபோன மச்சான், முதல் நாள் சுதந்திரம் குளிக்கப் போயிருந்தபோது, திறந்து கிடந்த பையிலிருந்து மேலாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். எதிர்க்கடைப் பெயரைச் சட்டைப்பையில் சுமக்கும் அவமானத்தைத் தவிர்க்க, அந்தப் பெயரை நகவெட்டியால் சுரண்டியும் வைத்திருந்தார். அரங்கம் முழுக்கத் தேடப்பட்ட பொருள், அன்று மேசை விசிறியைத் தன் பக்கமே திருப்பி வைத்திருந்த அதே கையில் இருந்தது.

சுதந்திரம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சிம் என்று வாயைத் திறந்தால் எதற்கு என்ற கேள்வி வரும். எதற்கு என்று சொன்னால் ஏழாம் தீர்மானம் வரும்.

“மச்சான், அந்தத் துணியைக் கொஞ்சம் குடுங்க. கண்ணாடி மங்கலா இருக்கு.”

“உங்க பையில ரெண்டு டஜன் துணி வெச்சிருக்கீங்களே, மாப்ளே.”

“அது மஞ்சள்.”

“மஞ்சள் துடைக்காதா?”

“நீலம் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்.”

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். சுதந்திரத்தின் முழங்காலில் குப்பைத் தொட்டியின் கறை இருந்தது.

“அந்தக் கூடு எங்க கடைக் கூடு மாதிரி இருக்கு” என்றார் சுதந்திரம்.

“உங்க கடைக் கூட்டை நான் எதுக்குத் தொடறேன்? பச்சைன்னு ஒரு நிறத்தை உங்க பேருக்கு எழுதி வாங்கிட்டீங்களா?”

“மூடியில சுரண்டின தடம் இருக்கு.”

“வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.”

“எங்க வாங்கினீங்க?”

“இது என்ன விசாரணைக் கமிஷனா? துணிதானே வேணும். இந்தாங்க, பிடிங்க.” துணியை நீட்டினார்.

துணியில் ஒன்றுமில்லை. சுதந்திரம் பார்வையைக் கூட்டின்மேலேயே வைத்திருந்தார். “கூட்டையும் குடுங்க, துணியை மடிச்சு வெச்சுத் தர்றேன்.”

“எனக்கு மடிக்கத் தெரியும்.”

“மச்சான்.”

அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ தெரியவில்லை. பங்கு பிரிந்த பதினைந்து வருடத்தில் அவர் அப்படி, பின்னால் கேலி எதுவும் வராமல், மச்சானைக் கூப்பிட்டதில்லை. மச்சானின் கை தானாகக் கூட்டைத் தூக்கியது. தூக்கிய கோணத்தில் அடித்தட்டிலிருந்து ஒரு சிறு வெள்ளைத் துண்டு நழுவிப் போர்வையில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“சிம்மா?”

“ம்.”

“எந்த ஊரு?”

“பழசு. செத்துப்போனது.”

“செத்துப்போனதை எதுக்கு மாப்ளே இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?”

சுதந்திரம் சிம்மை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டார். மூக்குப்பட்டை திருகாணிக்கு வைத்திருந்த ஊசியால் போனின் தட்டைக் குத்தி வெளியே எடுத்தார். இலவச சிம் துள்ளி விழுந்து, வாஷ்பேசின் துளைக்குள் தண்ணீரோடு போயிற்று. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலவசமாக வந்த ஒன்று கைவிட்டுப் போனபோது அவர் திரும்பிப் பார்க்காதது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பழைய எண் உயிர் பெற்றுச் சிணுங்கியது. நல்வரவு சொன்னது. கூடவே, ரோமிங் திட்டம் எடுக்காத எண்ணுக்கு அழைப்போ குறுஞ்செய்தியோ வராது என்று பணிவோடு தெரிவித்துக்கொண்டது. மணி பன்னிரண்டு பத்து. மகளை அழைத்தார்.

“சிம் போட்டாச்சும்மா.”

“நீங்க இதோ இதோன்னு சொன்னதை நம்பி நானும் ரெண்டு தடவை அமுக்கிட்டேன். இன்னும் ஒரு தடவைதான்பா அமுக்க முடியும். அப்புறம் பூட்டிடுவாங்க.”

“அமுக்காதே, இரு. அதுக்கு முன்னாடி நீ அங்கேர்ந்து என் நம்பருக்கு ஒண்ணு போடணும்.”

“என்ன போடணும்?”

“அதான்.”

“எதான்? தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கலைப்பா.”

வெளியே கதவு தட்டப்பட்டது. “மாப்ளே, இந்த ஊர்க்காரங்களுக்கும் கொஞ்சம் தண்ணி விட்டு வையுங்க.”

சுதந்திரம் சுவர்ப் பக்கம் திரும்பி, போனை வாயோடு ஒட்டவைத்து, நாற்பத்து மூன்று பேர் முன்னால் மைக்கில் முழங்கிய அந்தச் சொல்லை, ஓடுகளுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

“ரோமிங்.”

மகள் தன் போனில் திட்டங்களைத் தேடிப் பார்த்தாள். பிறகு, “ஒரு நாளுக்குன்னு சின்னதா எதுவும் இல்லப்பா. பத்து நாளுக்குத்தான் இருக்கு” என்றாள். “போடவா? மாமாவுக்குத் தெரிஞ்சா…”

“போடும்மா.”

போட்டாள். பிறகு கடைசித் தடவையாக அந்தப் பட்டனை அமுக்கினாள். பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு ஆறு இலக்கம் வந்து சேர்ந்தது. கண்ணாடிக்காரர், கடைசி வரியைப் படிக்கச் சொல்லி ஆயிரம் பேரை மிரட்டியவர், போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“ஏத்துக்கிட்டாங்கப்பா” என்றாள் மகள். அவள் குரல் நனைந்திருந்ததா, குழாயின் சத்தமா என்பது தெரியவில்லை.

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார். மச்சான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவு அட்டையைவிட மெல்லியது என்பதை சுதந்திரம் இப்போதுதான் கவனித்தார். மச்சான் கண்ணாடியைக் கழற்றி, நீலத் துணியோடு சேர்த்துக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுதந்திரம் கட்டில்களுக்கு நடுவில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்து, அதில் உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

“இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மங்கலா இருக்கு, மாப்ளே” என்றார் மச்சான், கூரையைப் பார்த்தபடியே.

சுதந்திரம் இடது பக்கத்தில் ஆவி ஊதி மறுபடியும் துடைத்தார்.